10,000 லக்ஸ் லைட் தெரபி விளக்கு: அபெர்டீனுக்கு சரி, குலசேகரத்துக்கு வேணுமா?

மொதல்லயே ரேட்டிங்க சொல்லிடுதேன், முழுசா படிக்க நேரம் இல்லாதவங்க இதோட போயிடலாம். குளிர்காலத்துல வர மனச்சோர்வுக்கு காலையில முன்னால வச்சு உக்காருத விளக்கு இது, லக்ஸுங்கது வெளிச்சத்த அளக்க அளவு. அக்கா ஸ்காட்லாந்துல இருந்து கொண்டு வந்த பெரிய விளக்குக்கு 5க்கு 4. அதப் பாத்துட்டு நான் இங்க ஆன்லைன்ல வாங்குன குட்டி விளக்குக்கு 5க்கு 1, அந்த ஒண்ணும் சின்னவ படம் வரையதுக்கு டேபிள் லைட்டா ஆகுதேன்னு குடுத்தது. நம்ம வீட்டு முத்தத்துல காலையில சும்மா கெடைக்க வெளிச்சத்துக்கு, மழை மூடிக் கெடந்தாலும் சரி, 5க்கு 5.

இத எழுதக் காரணம், ஜூன் பொறந்தா போதும், போன்ல இந்த விளக்கு விளம்பரம் வர ஆரம்பிச்சிடுது. மழைக்கால சோர்வா, உற்சாகம் இல்லையா, இத வாங்குங்கன்னு ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே காப்பி குடிக்கா, பக்கத்துல வெள்ளையா ஒரு பலகை எரியுது. நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டுல இருக்கதுனால இந்த சாமான் பேரு இங்க பல பேருக்கு தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தர் வாங்கட்டுமான்னு கேக்க, இன்னொருத்தர் அதெல்லாம் வெள்ளக்காரன் வியாபாரம்னு சொல்ல, சண்டை ஆயிப்போச்சு. ரெண்டு பேரு சொன்னதும் பாதி பாதி சரி. அதான் விவரமா எழுதிடுவோம்னு உக்காந்தேன்.

எனக்க அக்கா ஸ்காட்லாந்து அபெர்டீன்ல ஆஸ்பத்திரி நர்ஸ். அந்த ஊரு எங்க இருக்குன்னா, 57 டிகிரி வடக்கு. நம்ம கன்னியாகுமரி 8 டிகிரி. டிசம்பர் கடைசில அங்க காலையில எட்டே முக்காலுக்குத்தான் சூரியன் தலைய காட்டும், சாயந்திரம் மூணரைக்குள்ள போயிடும், மொத்தப் பகலும் ஏழு மணி நேரம் கூட தேறாது. டே டியூட்டி போறவங்க இருட்டுல போய் இருட்டுல வருவாங்க, நடுவுல வார்டுல டியூப் லைட்டு. மொத வருஷம் அவளுக்கு ஒண்ணும் தெரியல, புது ஊரு புது வேலைன்னு ஓடிட்டு. அடுத்த வருஷம் அக்டோபர்ல இருந்து ஆரம்பிச்சிருக்கு. பத்து மணி நேரம் உறங்கி எழும்பினாலும் அசதி போகல. கை காலுல அம்மிக்கல்ல கட்டி விட்டாப்ல ஒரு கனம். சோறு, ரொட்டி, பிஸ்கட்டுன்னு மாவுச்சத்தா தேடித் தேடி தின்னிருக்கா, எடையும் கூடிட்டு. ஞாயித்துக்கிழம வீடியோ கால் எடுக்க மாட்டா, எடுத்தா கேமராவ ஆஃப் பண்ணி வச்சிருப்பா. அம்மை இங்க கெடந்து, பிள்ளைக்கு யாரோ கண்ணு வச்சிட்டாங்கன்னு கோயிலுக்கு நேர்ச்சை போட்டுட்டு இருந்தா. ஏப்ரல் வந்ததும் ஆளு பழையபடி, பேசி முடியாது. அந்த வருஷ ஐப்பசியில திரும்பவும் படுத்துட்டா.

அங்க டாக்டர்கிட்ட போனப்ப அவரு கேட்ட கேள்வி ரொம்ப எளிமை. இது எந்த மாசம் தொடங்கும், எந்த மாசம் விடும், போன வருஷமும் இதே மாதிரியா? இதான் விஷயமே. பருவகால மனச்சோர்வுன்னு சொல்லுத சாட், தனியா ஒரு நோய் இல்ல, டிப்ரஷன்தான், ஆனா காலண்டர் பாத்து வரும், காலண்டர் பாத்து போகும். குறைஞ்சது ரெண்டு வருஷம் தொடர்ச்சியா ஒரே பருவத்துல வந்து, பருவம் மாறினதும் முழுசா விட்டுப் போயிருக்கணும். ஒரு வாரம் மழையில சோம்பலா இருந்துச்சு, பஜ்ஜி தின்னணும்னு தோணிச்சுங்கதெல்லாம் இதுல சேராது, அது மனுச சுபாவம்.

குளிர்கால வகைல உறக்கம் கூடும், பசி கூடும், எடை கூடும், ஆளுங்கள கண்டா ஒதுங்கத் தோணும். சாதாரண டிப்ரஷன்ல பெரும்பாலும் உறக்கமும் பசியும் போயிடும்னு நாம கேட்டிருக்கோம், இதுல அப்படியே திருப்பி வரதுனால நெறைய பேரு சோம்பேறித்தனம்னு நெனச்சு தன்னையே திட்டிட்டு இருப்பாங்க. ஆம்பிளைங்கள விட பொம்பிளைங்களுக்கு பல மடங்கு அதிகமா வருது, பெரும்பாலும் வாலிப வயசுல தொடங்குது. இதுக்கு இந்தப் பேரு வச்சு 1984ல மொதல்ல கட்டுரை எழுதுனவரு நார்மன் ரோசன்தால்னு ஒரு டாக்டர், தென்னாப்பிரிக்காவுல பொறந்து அமெரிக்கா போனவரு. வெயிலு ஊர்ல வளந்த மனுசன், குளிர் ஊருக்குப் போன பொறவு தனக்கே குளிர்காலத்துல ஆளு மந்தமாகுதத கவனிச்சிருக்காரு. அத வாசிச்சப்ப எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்துச்சு.

சரி, விளக்குக்கு வருவோம்.

அக்கா விளக்கு கிட்டத்தட்ட ஒரு பரீட்சை அட்டை மாதிரி இல்ல, அத விட பெரிசு, சாய்ச்சு வைக்க பின்னாடி ஸ்டாண்டு, முன்னாடி பால் வெள்ளைல ஒரு மூடி. உள்ள எல்இடி. கம்பெனி பேரு நான் சொல்லல, ஏன்னா இது பழைய மாடலு, இப்ப அது வரதில்லன்னு அவளே சொன்னா. அந்தக் காலத்துலயே நூறு பவுண்டு பக்கம் குடுத்திருக்கா. அங்க அரசாங்க மருத்துவத்துல மாத்திரையும் கவுன்சிலிங்கும் கெடைக்கும், இந்த விளக்கு பொதுவா கெடைக்காது, நாமதான் காசு போட்டு வாங்கணும். போன லீவுக்கு வந்தப்ப, புதுசு ஒண்ணு வாங்கிட்டேன் இது இங்க கெடக்கட்டும்னு விட்டுட்டுப் போனா.

ஆன் பண்ணுனா மொதல் ரெண்டு நிமிஷம் கண்ணு கூசும். பொறவு பழகிடும். சவுண்டு கெடையாது, சூடும் பெரிசா இல்ல, மினுக்கம் கண்ணுக்குத் தெரியல. போன் கேமராவ காட்டுனாலும் கோடு கோடா ஓடல. அது நல்ல விளக்குக்கு ஒரு சின்ன அடையாளம்னு எலக்ட்ரீஷியன் தம்பி சொன்னான். மூடி இருக்கதுனால வெளிச்சம் ஒரே சீரா பரவுது, எல்இடி புள்ளி புள்ளியா குத்தல.

பயன்படுத்துத முறையில தான் எல்லாரும் சொதப்புதாங்க. 10,000 லக்ஸுன்னா காலையில அரை மணி நேரம். 5,000 லக்ஸுன்னா ஒரு மணி நேரம். 2,500 லக்ஸுன்னா ரெண்டு மணி நேரம், ஆரம்ப கால ஆராய்ச்சியெல்லாம் இந்த 2,500ல தான் நடந்திருக்கு, பாவம் அந்த நோயாளிங்க விடியதுக்கு முன்னாடியே எழும்பி உக்காந்திருந்தாங்க. எழும்புன கொஞ்ச நேரத்துல, எட்டு மணிக்குள்ள முடிச்சிடணும். மூஞ்சில இருந்து ஒண்ணரை ரெண்டு அடி தூரத்துல, கொஞ்சம் பக்கவாட்டுல, கண்ணு மட்டத்துக்கு மேல வைக்கணும். கண்ண தொறந்து வச்சிருக்கணும், ஆனா விளக்க வெறிச்சுப் பாக்கக் கூடாது. சாயா குடிக்கலாம், பேப்பர் படிக்கலாம், போன் நோண்டலாம். கண்ண மூடிட்டு தியானம் பண்ணுனா காசு வேஸ்ட்டு. ஏன்னா வேலை நடக்கது தோலுல இல்ல, கண்ணு வழியா. விழித்திரைல பாக்கதுக்குன்னு இல்லாம, இப்ப பகலா ராத்திரியான்னு மூளைக்கு சொல்லுததுக்குன்னே தனி செல்லுங்க இருக்கு, அதுல மெலனாப்சின்னு ஒரு நிறமி. அந்த செய்தி மூளைல இருக்க உடம்புக் கடிகாரத்துக்குப் போகும். குளிர் ஊர்ல விடியதே லேட்டாகும்போது அந்தக் கடிகாரம் பின்னால ஓடுது, காலையில அடிக்க பலமான வெளிச்சம் அத முன்னால இழுத்து விடுது. இதான் பரவலா சொல்லப்படுத விளக்கம்.

அதனால சாயந்திரமோ ராத்திரியோ போட்டா உறக்கம் கெடும். நான் கைய வச்சுப் பாக்க ஆசைல ஒரு நாள் மழை விட்ட அந்தி நேரத்துல திண்ணைல போட்டேன் பாருங்க, ஊர்ல உள்ள ஈசல் பூரா எங்க வீட்டுக்கு வந்துட்டு. விளக்கு மேல, சாயா கிளாஸ்ல, எனக்க காதுல. அம்மை முறத்த எடுத்துட்டு வந்தா, திட்டதுக்கா பிடிக்கதுக்கான்னு தெரியல. ஸ்காட்லாந்து யூசர் மேனுவல்ல ஈசல் பத்தி ஒரு வரி கூட இல்ல, அதுக்குத்தான் ஒரு ஸ்டார் குறைச்சேன்னு வச்சுக்கோங்க.

நிஜமா ஸ்டார் குறைச்சதுக்கு காரணம் சைஸு. டேபிள்ல பாதிய அடைச்சுக்குது, வேலைக்கு போற அவசரத்துல தெனமும் அரை மணி நேரம் ஒரே இடத்துல உக்காரது எல்லாராலயும் முடியாது. அக்காவும் மொத மாசம் ரெண்டு நாள் போடுவா நாலு நாள் விடுவா, ஒண்ணும் நடக்கலன்னு புலம்புவா. பொறவு ஒழுங்கா போட ஆரம்பிச்சப்ப, ரெண்டு வாரத்துக்குள்ள காலையில அலாரத்துக்கு எழும்ப முடிஞ்சுதுன்னு சொன்னா. விட்டா திரும்ப வந்திடும், அதனால வசந்தம் வரைக்கும் விடாம போடணும். இப்ப அவ செப்டம்பர் கடைசியிலயே, நோய் தலைகாட்டதுக்கு முன்னாடியே தொடங்கிடுதா.

வேலை செய்யுதான்னு கேட்டா, ஆமா, ஆனா மந்திரம் இல்ல. கனடாவுல 2006ல வந்த ஒரு ஆராய்ச்சியில 96 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு 10,000 லக்ஸ் விளக்கும் போலி மாத்திரையும், இன்னொரு பக்கத்துக்கு மங்கின விளக்கும் டிப்ரஷனுக்கு குடுக்க ஃப்ளுவாக்ஸட்டின் மாத்திரையும் 8 வாரம் குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் 67 சதவீதம் பேருக்கு நல்ல குணம். அதனால கனடா டாக்டருங்க வழிகாட்டில சாட்டுக்கு இந்த விளக்கு மொத வரிசை சிகிச்சை. பிரிட்டன் வழிகாட்டி அந்த அளவு நம்பல, ஆதாரம் உறுதியா இல்லன்னு நோயாளிகிட்ட சொல்லிடுங்கன்னு எழுதி வச்சிருக்கு. ஒரே சாமான், ரெண்டு நாட்டுல ரெண்டு மார்க்கு. அமெரிக்காவுல வெர்மான்ட்ல பண்ணுன இன்னொரு ஆராய்ச்சி எனக்கு இன்னும் முக்கியமா படுது. விளக்கையும், சாட்டுக்குன்னே அமைச்ச சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாத்தப் பழக்குதது) பேச்சு சிகிச்சையையும் ஒப்பிட்டாங்க. அந்தக் குளிர்காலத்துக்கு ரெண்டும் சமம். ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா, விளக்கு குரூப்புல 46 சதவீதம் பேருக்கு திரும்ப வந்திருக்கு, பேச்சு சிகிச்சை குரூப்புல 27 சதவீதம்தான். விளக்க தூக்கி அலமாரில வச்சிடலாம், படிச்ச பாடத்த வைக்க முடியாதுல்லா. அக்காவும் ரெண்டும் சேத்துத்தான் பண்ணுனா. இது போக, வருஷா வருஷம் கடுமையா வரவங்களுக்கு சீசனுக்கு முன்னாடியே தொடங்கி தடுக்கதுக்கு புப்ரோபியான்னு ஒரு மாத்திரைக்கு அமெரிக்காவுல 2006லயே அனுமதி குடுத்திருக்காங்க. அதெல்லாம் டாக்டர் எழுதித் தரணும், மெடிக்கல்ல போய் பேரச் சொல்லி வாங்குத சமாச்சாரம் இல்ல.

எல்லாரும் போடக் கூடாதுங்கதையும் சொல்லிடுதேன், விளம்பரத்துல இத சொல்ல மாட்டான். பைபோலார், அதாவது மனசு ஒரு காலம் ரொம்ப தாழ்ந்தும் ஒரு காலம் அளவு மீறி ஏறியும் போற நோய் உள்ளவங்கள, இந்த வெளிச்சம் அந்த ஏறுத பக்கம் தூக்கிட்டுப் போயிடும், உறக்கம் இல்லாம, நிப்பு இல்லாம, காச வாரி இறைக்க அளவுக்கு. விழித்திரை கோளாறு இருக்கவங்க, சுகருல கண்ணு பாதிச்சவங்க கண் டாக்டர கேக்காம தொடக் கூடாது. நம்ம ஊர்ல சுகர் இல்லாத வீடு ஏது, அதனால இத தனியா சொல்லுதேன். சில மாத்திரைங்க வெளிச்சத்துக்கு உடம்ப கூச வைக்கும், என்ன மாத்திரை எடுக்குதீங்கன்னு டாக்டருக்கு தெரியணும். மத்தபடி லேசா தலைவலி, கண்ணு வலி, ஓக்காளம், எரிச்சல் வரலாம், தூரத்த கூட்டுனா இல்ல நேரத்த குறைச்சா பெரும்பாலும் சரியாகிடும்.

இன்னொண்ணு, இதுல வைட்டமின் டி வருமான்னு பாதிப் பேரு கேக்குதாங்க. வராது. வைட்டமின் டி உண்டாக்கது புற ஊதாக் கதிர், நல்ல விளக்குல அத வடிகட்டி எடுத்திருப்பாங்க, எடுக்கலன்னா அது நல்ல விளக்கே இல்ல.

இப்ப எனக்க குட்டி விளக்கு. ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள, ஐபேடு சைஸு, பாக்க அழகுதான். பெட்டிலயும் சைட்லயும் 10,000 லக்ஸுன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. எவ்வளவு தூரத்துல 10,000ன்னு எங்கயும் இல்ல. போன்ல லக்ஸ் அளக்க ஆப் போட்டு ரெண்டு விளக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அளந்தேன். போன் சென்சார் துல்லியம் கெடையாது, ஆனா ரெண்டையும் ஒரே போன்ல அளந்தா எது எப்படின்னு தெரிஞ்சிடும்லா. அக்கா விளக்கு ஒண்ணரை அடி தூரத்துல எட்டாயிரத்துக்கு மேல காட்டுச்சு. என்னது அதே தூரத்துல ரெண்டாயிரம் கூட தொடல. மூக்க கொண்டு போய் ஒட்ட வச்சாத்தான் ஒன்பதாயிரம். அரை மணி நேரம் அப்படி மூக்க ஒட்டிட்டு எவன் சாயா குடிப்பான்? தூரம் எழுதாத லக்ஸுக்கு அர்த்தமே இல்ல, வாங்கும்போது இந்த மூணையும் பாருங்க. ஒண்ணரை அடியில 10,000 குடுக்குதா, புற ஊதா இல்லன்னு எழுதியிருக்கா, வெளிச்சப் பரப்பு பெரிசா இருக்கா. ரிட்டர்ன் போட்டேன், திருப்பி அனுப்புத நாள் முடிஞ்சுட்டுன்னு பதில் வந்துச்சு.

அப்படியே ஆப்ப கையில வச்சுட்டு வீடு பூரா சுத்துனேன், அதுல கெடைச்ச விவரம்தான் ரெண்டு விளக்க விட பெரிசு. ஆடி மாசம், நல்ல மழை மூட்டம், காலையில எட்டரை மணி. நடு அறைல 60. ஜன்னல் பக்கம் நானூறு சொச்சம். திண்ணைல ஆயிரத்து முந்நூறு. முத்தத்துக்கு எறங்கி கிணத்தடில நின்னா, வெயிலே இல்ல, தூறிட்டு வேற இருக்கு, போன் எட்டாயிரம் காட்டுது, மேகம் கொஞ்சம் விலகுனா பன்னெண்டாயிரம். அக்காக்க நூறு பவுண்டு விளக்கு குடுக்கத எங்க கிணத்தடி மழையிலயே குடுக்குது. வெயிலு நேரா அடிச்சா லட்சம் வரைக்கும் போகும்.

எங்க வீடு குலசேகரத்துக்கு மேல ரப்பர் தோட்டத்துக்குள்ள. இடவப்பாதி (ஜூன்ல தொடங்குத தென்மேற்கு) மழைலயும் இலை அடர்ந்து கெடக்கும், ஐப்பசி மழைலயும் அப்படியே, நமக்குத்தான் ரெண்டு மழையும் உண்டே, உள்ள பகல்லயே லைட்டு போடணும். ஆனா மார்கழி தை மாசி ஆச்சுன்னா ரப்பர் இலை கொட்டிரும், தோட்டமே வெட்ட வெளிச்சம். அக்கா ஊர்ல டிசம்பர் ஜனவரி இருட்டு, எங்க தோட்டத்துக்குள்ள வருஷத்துலயே வெளிச்சமான மாசம் அதான். பகல் நீளம்னு பாத்தா இங்க டிசம்பர்ல பதினொண்ணரை மணி நேரத்துக்கு மேல, ஜூன்ல பன்னெண்டரை மணி நேரம், வித்தியாசம் ஒரு மணி நேரம் கூட கெடையாது. குளிர்கால சாட் வரதுக்கான பெரிய காரணமே இங்க இல்ல. அமெரிக்காவுலயே கணக்கெடுத்தப்ப வடக்க நியூ ஹாம்ப்ஷயர்ல 9.7 சதவீதம், தெக்க ஃப்ளோரிடாவுல 1.4 சதவீதம்தான். நாம ஃப்ளோரிடாவுக்கும் எவ்வளவோ தெக்க.

அப்ப மழைக்காலத்துல இங்க ஆளுங்க சோர்ந்து போறது பொய்யான்னு கேட்டா, பொய் இல்ல. ஆனா காரணம் வேற எங்கயாவது இருக்கலாம். எங்க பக்கத்துல ஒரு அண்ணன், சொந்தமா கொஞ்சம் ரப்பர் மரம், அவரே பால் வெட்டுவாரு. அவருகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுதேன். ஆனி பொறந்தா ஆளு கட்டில விட்டு எழும்ப மாட்டாரு, குளிக்க மாட்டாரு, கூப்பிட்டா மூணாவது குரலுக்குத்தான் பதில். அவருக்க வீட்டுக்காரி மைனி, தம்பி அந்த விளக்க குடுங்க, ஒரு மாசம் வச்சு பாக்கேன்னு வந்து நின்னாவ. நான் குடுத்தேன், தப்பில்ல, ஆனா கூடவே டாக்டர பாருங்க மைனின்னும் சொன்னேன். அங்க டாக்டர் மொதல்ல தைராய்டுக்கும் ரத்தத்துக்கும் டெஸ்ட் எழுதுனாரு. பொறவு கேட்டாரு, மழை இல்லாத மாசத்துல இவரு எப்படி? மைனி யோசிச்சுட்டு, மாசிலயும் இப்படித்தான் டாக்டர், இலை கொட்டி வெட்டு நிக்கும்லா, அப்பவும் இதே கெடைன்னு சொல்லியிருக்காவ. மாசிலன்னா மண்டைய பொளக்க வெயிலு. ஆனில மழை பெஞ்சா வெட்ட முடியாது, மழைத்தண்ணி பால்ல விழாம மரத்துல கட்டுத ரெயின் கார்டு போட்டாலும் எல்லா நாளும் முடியாது, ரப்பர் ஷீட்டு காயாது, கையில காசு வராது, சங்கத்து லோனு தவணை மட்டும் தேதி தவறாம வரும். மாசிலயும் வருமானம் நிக்கும். ஆக அவருக்கு வெளிச்சம் போறப்ப வரல, வருமானம் போறப்ப வருது.

டாக்டருங்க கையில உள்ள விதியிலயே இது இருக்கு. ஒவ்வொரு வருஷமும் ஒரே பருவத்துல வேலை போறதுனால வர சோர்வ பருவகால வகைன்னு எண்ணக் கூடாதுன்னு. வெள்ளக்காரன் எழுதுன விதி, நம்ம பால்வெட்டு காரனுக்கும், ட்ரோலிங் (இழுவலை மீன்பிடி) தடைல கரைல உக்காந்திருக்க கொளச்சல் பக்கத்து போட்டுக்காரனுக்கும் அப்படியே பொருந்துது. அண்ணனுக்கு இருந்தது டிப்ரஷன், சந்தேகமே இல்ல, ஆனா விளக்குல தீருத வகை இல்ல. மாத்திரை, மாசம் ஒருக்க கவுன்சிலிங், அதோட மைனி சங்கத்துல போய் தவணைய மாத்தி எழுதி வாங்குனாவ. எனக்கு கேட்டா அந்த மூணாவதும் மருந்துதான். இப்ப காலையில முத்தத்துல நின்னு பல்லு தேய்க்காரு, ரோட்டுல போறவன வம்புக்கு இழுக்காரு. விளக்கு ஒரு மாசம் கழிச்சு துடைச்சு பெட்டில போட்டு திரும்ப வந்துச்சு, கூட ஒரு சீப்பு ஏத்தம்பழமும்.

வெயில்காலத்துல வர வகையும் ஒண்ணு உண்டு, அது கேக்க ஆளில்ல. சித்திரை வைகாசில உறக்கம் போயி, பசி போயி, எடை குறைஞ்சு, தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழுந்து, ஆவணில சரியாகுதுன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும். அதுக்கு இந்த விளக்கு மருந்தே இல்ல.

நம்ம ஜில்லாவுல யாருக்காவது சந்தேகம்னா விளக்கு வாங்குததுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க, செலவு கெடையாது. வீட்டுல தொங்குத நாள்காட்டில அன்னன்னைக்கு உறக்கம், பசி, மனசு எப்படின்னு ஒரு ப்ளஸ், ஒரு மைனஸ் போட்டுட்டு வாங்க. மழை எப்ப, வேலை எப்ப நின்னுதுங்கதையும் ஓரமா எழுதுங்க. டாக்டர் முன்னால போய் உக்காந்தா எல்லாம் மறந்திடும், இத நீட்டுனா அவரு பாதி வேலைய முடிச்சிடுவாரு. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநல ஓபி இருக்கு, காசு செலவில்ல. நேர்ல போக வெக்கமா இருந்தா 14416, டெலி மானஸ்ங்குத அரசாங்க மனநல உதவி நம்பர், ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிட்டாலும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். சாவணும்னு ஒரு நெனப்பு வந்தாலே விளக்கு, காலண்டர் எல்லாத்தையும் தூக்கி வச்சுட்டு அன்னைக்கே கூப்பிடணும், இல்ல ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போணும்.

வெறும் மழைக்கால மந்தம்தான்னா, எழும்புன உடனே குடைய பிடிச்சுட்டு வெளிய எறங்குங்க. சாயா கடை வரைக்கும் நடங்க. திண்ணைல உக்காந்து பேப்பர் படிச்சா பத்தாது, ஆயிரத்து முந்நூறுக்கும் எட்டாயிரத்துக்கும் வித்தியாசம் இருக்குல்லா. ஜன்னலுக்கு மேல சாஞ்சு கெடக்க கொப்ப வெட்டி விடுங்க. நான் தெக்குப் பக்கம் ஒரு பலா கொப்ப எறக்குனேன், அறைக்குள்ள லக்ஸ் ரெண்டு மடங்காச்சு, அம்மை மட்டும் சக்கை போச்சேன்னு இன்னும் சொல்லிட்டு இருக்கா.

யாரு வாங்கலாம்னா, இங்கிலாந்து, அயர்லாந்து, கனடா, நார்வே பக்கம் வேலைக்கு போற நம்ம பிள்ளைங்க, அதுவும் ரெண்டு குளிர்காலம் படுத்து எழும்பினவங்க, அங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு, அங்கயே நல்லதா வாங்குங்க. நைட் டியூட்டி பாக்கவங்க நேரத்த டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க, ஏன்னா உங்க காலை எதுன்னு உங்க உடம்புக்கே குழப்பம். இங்க இருக்கவங்க விளம்பரத்த பாத்து வாங்காதீங்க.

அக்கா விளக்கு இப்ப சித்தி மகளோட கனடா போகுது, செப்டம்பர்ல அவளுக்கு காலேஜ். அங்க கரண்டு 120 வோல்ட்டு, அடாப்டர்ல 100-240ன்னு போட்டிருக்கதுனால பிரச்சனை இல்ல, பின்னு மட்டும் மாத்தணும். உங்கள்ட்ட இருக்கதுல வெறும் 220-240ன்னு இருந்தா கொண்டு போகாதீங்க, எரியாது.